நூற்றிருபத்தெட்டாவது படி

பம்பரம் அக்கா நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு காலை மடித்து நுனியில் தொற்றிக்கொண்டிருப்பார். மறுகால் மேசைக்கடியில் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கப் போவார். பாட்டில் நிறைந்துதான் இருக்கும். பாதியை அங்கேயே கொட்டிவிட்டு மறுபடி பிடித்து வருவார். பெயர் வைத்தவர் மேனேஜர். அக்காவுக்கும் தெரியும். "பம்பரம்னா லேசில்லப்பா. நின்னா விழுந்துடும்" என்பார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் இடுப்புயரத் தடுப்பு ஒன்றுதான். மின்னணுச் சிப்பில் எந்தப் பாகம் எதோடு சேர வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. அது எந்த இடத்தில், எந்த அளவில் உட்கார வேண்டும் என்று கோடு கோடாக வரைவது அவர் வேலை. முன்பு ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைந்தவர். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஆறு மாத வகுப்பில் சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். "அங்க அடுப்படி, படுக்கையறை. இங்க கெப்பாசிட்டர், ஒயர். ஒரே வித்தியாசம், இங்க யாரும் ஜன்னல் எங்கேன்னு கேக்க மாட்டாங்க."

அவர் வீடு இரண்டே அறை. அதற்குள் மாதம் ஒருமுறை அலமாரியை இடம் மாற்றுவார். கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒருநாள் அக்காவை அழைத்துப்போக வந்தவர் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போனா கட்டில் எந்த ரூம்லன்னு தேடணும் தம்பி. பஸ் ஸ்டாப்பாவது அதே எடத்துல இருக்கு."

மூன்று வருடமாக அக்காவின் கையில் இருந்தது ஓர் ஆஸிலேட்டர். நிற்காமல் துடித்துக்கொண்டிருக்கும் சிறு சுற்று. அதன் அதிர்வெண்ணை எண்ணால் கட்டுப்படுத்துவோம். பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஒவ்வொரு எண்ணுக்கும், மின்னைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள் சில சேரும், சில விலகும். எண் ஒன்று கூடினால் துடிப்பு ஒரு படி வேகமெடுக்க வேண்டும். அவ்வளவுதான் அது செய்ய வேண்டியது.

தொழிற்சாலையிலிருந்து முதல் சிப்புகள் வந்தன. பன்னிரண்டை எடுத்து அளந்தோம். நூற்றிருபத்தேழு வரை ஒழுங்காக ஏறிய அதிர்வெண், நூற்றிருபத்தெட்டில் ஒரு படி கீழே இறங்கிவிட்டு அப்புறம் ஏறியது. கெப்பாசிட்டர்களின் சிறு குழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலையை விட்டு, பெரிய குழு ஒன்று பொறுப்பேற்கும் இடம் அது.

திங்கட்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திருத்தின ஃபைல் ஃபேக்டரிக்குப் போகுது. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா, இதை எடுத்துட்டு வெளியில ரெடியா கிடைக்கறதை வாங்கிப் போட்டுடலாம்."

மூன்று வருடம், ஒரு வாக்கியத்தில். அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செவ்வாயும் புதனும் சந்தேகம் என் மேல்தான். எண்ணைப் படித்து எந்தக் குழுவை இணைப்பது என்று சொல்லும் பகுதி என்னுடையது. மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. இல்லை என்று உரக்கச் சொல்ல எனக்கு வரவில்லை. வியாழன் காலை பன்னிரண்டு சிப்புகளின் அதிர்வெண் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் அச்செடுத்து, அக்காவின் விசைப்பலகை மேல் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு கோடுகளும் ஒரே இடத்தில், ஒரே அளவுக்குத் தடுக்கியிருந்தன. தயாரிப்பில் வரும் கோளாறு சிப்புக்குச் சிப்பு மாறும். மாறாமல் வந்தால் அது யாரோ வரைந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கால் மிதிப்பது நின்றது. "பன்னெண்டுமா?" என்றார்.

"ஆமாக்கா."

எழுந்து போனவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். "இங்க வா தம்பி" என்று திரையைக் காட்டினார். கெப்பாசிட்டர்கள் வரிசை வரிசையாக நின்றன. ஓரத்து வரிசையை ஒட்டி, கோணலாக ஒரு பூனை. உலோகக் கோடுகளால் வரைந்தது. சிப் வரைகிறவர்கள் மூலையில் ரகசியமாக எதையாவது வரைந்துவிடுவது எங்கும் உண்டு. இது அவர் மகள் ஏழு வயதில் கிறுக்கியது.

"இந்த எடத்துல என்ன இருக்கணும்?"

டம்மி வரிசை இருக்க வேண்டும். எதோடும் இணையாத, ஒரு வேலையும் செய்யாத கெப்பாசிட்டர்கள். நடுவில் நிற்பதற்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. ஓரத்தில் நிற்பதற்கு ஒரு பக்கம் வெறுமை. அதனாலேயே தயாரிப்பில் அது மட்டும் எல்லாச் சிப்பிலும் ஒரேபோலக் கொஞ்சம் வேறு அளவாக வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சும்மா நிற்கும் அந்தக் கூடுதல் வரிசை.

"போன வருஷம் மெமரிக்காரருக்கு எடம் பத்தலைன்னு மேனேஜர் ஆறு மைக்ரான் கேட்டார். டம்மியை எடுத்துட்டேன்." நகத்தால் மேசையைச் சுரண்டினார். "வேலை செய்யாததைத்தானே மொதல்ல எடுப்போம்."

நான் பூனையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

மெமரிக்காரர் எங்கள் சுற்றை ஒட்டி நினைவகப் பகுதியை வரைபவர். தலையில் ஒரு முடி கிடையாது. மதியம் அக்கா அவர் மேசைக்குப் போனார். நானும் பின்னால் நின்றேன்.

"சார், போன வருஷம் குடுத்த ஆறு மைக்ரானைத் திருப்பித் தாங்க."

"குடுத்ததுமேலயே வீடு கட்டிட்டேனேம்மா."

"ஒரு முடியில பத்துல ஒரு பங்கு சார் அது."

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் வாங்கிட்டுப் போனாங்க." தலையைத் தடவிக்கொண்டார். "நெலமையைப் பாரு."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இடம் வரவில்லை.

அன்று மாலை வரை வரைபடத்தில் எதை எதையோ நகர்த்திப் பார்த்தார். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் இடித்தது. வெள்ளி காலை எட்டரைக்கு நான் வரும்போது அவர் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்: "அக்கா, பூனையை எடுத்தா..."

"ஆறு புள்ளி ரெண்டு வரும். நேத்தே அளந்துட்டேன்."

"அப்புறம்?"

"ஏன் எடுத்தேன்னு எழுதிக் குடுக்கணும். எழுதினா, ஏன் விட்டு வெச்சேன்னு கேப்பாங்க."

பதினொரு மணிக்குக் கூட்டம். அக்கா உட்காரவில்லை. சுவரோரம் நின்று, டம்மி வரிசை இல்லாததுதான் காரணம், இன்றைக்கே சேர்த்துவிடலாம் என்றார்.

"டம்மியை எடுத்தது யாரு?" மேனேஜர் கேட்டார்.

"நான்தான் சார். நீங்க ஆறு மைக்ரான் கேட்டீங்க."

"கேட்டேன். பக்கத்துல என்ன அது, பூனையா?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"பூனையை வெச்சுக்கிட்டு டம்மியை எடுக்கச் சொன்னேனா?"

"இல்ல சார். அது நானா செஞ்சது." அக்காவின் கை பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடியது. "பொண்ணு வரைஞ்சது. எடுக்க மனசு வரலை."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரைக்குள்ள முடியுமா?"

"முடியும்."

பூனையை நீக்க ஒரு சொடுக்குதான் ஆனது. டம்மி வரிசையை நட்டு, ஒயர்களை ஒதுக்கி, சரிபார்ப்பு ஓடவிட்டபோது மணி ஒன்று ஐம்பது. ஓட்டம் முடிய முக்கால் மணி நேரம். அக்கா தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். இரண்டு பிழைகள் வந்தன. திருத்தி மறுபடி ஓட்டினார், மறுபடி நடந்தார். ஃபைல் போனபோது மூன்று ஐம்பத்திரண்டு. மேனேஜர் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கேட்டேன்: "பொண்ணுகிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். அது பூனையே இல்லையாம். நாயாம்."

திருத்திய சிப்புகளுக்குக் காத்திருந்த மூன்று மாதத்தில் அவர் வீட்டு அலமாரி ஐந்து முறை இடம் மாறியதாகக் கணவர் கணக்குச் சொன்னார். புது சிப்புகள் ஒரு புதன்கிழமை வந்தன. பன்னிரண்டை அளந்து, அதேபோல ஒரே தாளில் அச்செடுத்து, இந்த முறை கையிலேயே கொடுத்தேன். நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தொன்பது. பன்னிரண்டு கோடுகளும் தடுக்காமல் ஏறியிருந்தன. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இதுவே இருக்கட்டும், வெளியில வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். விரல் மெல்ல மேலே ஊர்ந்து ஓர் இடத்தில் நின்றது.

"தம்பி, நூத்தித் தொண்ணூத்திரண்டுல படி கொஞ்சம் சின்னதா இல்ல?"

நான் பார்ப்பதற்குள் பாட்டிலோடு பாதி தாழ்வாரம் போய்விட்டார்.