ஆம்புலன்சில் வேலைக்குப் போன நாள்

வேலைக்குச் சேர்ந்த புதிது. கும்மிடிப்பூண்டியில் காருக்கு ஒயரிங் செய்கிற கம்பெனி. மணவாள நகர் நிறுத்தத்துக்கு விடியும்போதே கம்பெனி பஸ் வந்துவிடும். அன்றைக்கு நல்ல மழை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவள், வெள்ளை பஸ் ஒன்று வந்ததும் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயரைக்கூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். "நாளைக்கும் லேட்டா வந்தா அப்படியே ஊட்டுக்குப் போயிடு" என்று முந்தின நாள்தான் சூபர்வைசர் திட்டியிருந்தார். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. பெரியபாளையம் வருவதற்குள் தூங்கிப்போனேன்.

பக்கத்து சீட்டுப் பெண் தட்டி எழுப்பினாள். இறங்கிப் பார்த்தால் கேட் வேறு மாதிரி இருந்தது.

"கேட்ட மாத்திட்டாங்களாக்கா?"

"ஆமா, அந்தாண்ட ஒரே தண்ணி. இன்னிக்கு இப்படித்தான் போணும். ஓடு, நனையாத."

ஓடினேன். வாசலில் போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள். என் கார்டைக் காட்டினால் மெஷின் சிவப்பு விளக்கே போட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"புதுசாமா நீ?" என்றார் செக்யூரிட்டி.

"ஆமா சார்."

"புது ஆளுங்கல்லாம் அந்த ரூமு. போ, போ."

உள்ளே என்னைப் போல ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் ஹெல்மெட் போடுவதில்லை. ஏதோ புது ரூல் என்று மாட்டிக்கொண்டேன். உட்காரத்தான் முடியவில்லை. என் மேஜையில் செக் பண்ண வேண்டிய ஒயர்கள் குவிந்துகொண்டிருக்கும். கால் தானாக ஆடியது. தின்னர் டிரம் பக்கம் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்று பாடம் எடுக்க வந்த சேஃப்டி ஆபீசர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்காமல் எழுந்துவிட்டேன்.

"சார், நான் ஒயரிங் லைனுக்குப் போணும். லேட்டாவுது."

"ஒயரிங்கா? இது பெயின்ட் கம்பெனிமா."

அறையே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. லாக்கர் சாவிக்காரர் நாஷ்டாவுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். போன் கைக்கு வந்தபோது சார்ஜ் செத்திருந்தது. என் கம்பெனி இருப்பது சிப்காட் தொழிற்பேட்டையின் அந்தக் கோடியில். அந்த மழையில் ஆட்டோவும் கிடைக்கவில்லை. ஆபீசர் பரிதாபப்பட்டு, சும்மா நின்ற வண்டியில் அனுப்பினார். அது அவர்கள் கம்பெனி ஆம்புலன்ஸ்.

டிரைவர், மழையில் எதிரே வருபவனுக்குத் தெரியட்டும் என்று மேல் விளக்கைச் சுழலவிட்டே ஓட்டினார். எங்கள் கேட்டில் நிற்பதற்குள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். குடைகூட இல்லாமல் பின்னாலேயே சூபர்வைசர் ஓடிவந்தார்.

"எங்கமா அடி?"

"அடி இல்ல சார். பஸ்ஸு மாறி ஏறிட்டேன்."

அவர் என் தலையில் இருந்த ஹெல்மெட்டையே பார்த்தார். அப்போதுதான் அதைக் கழற்றாமல் வந்தது எனக்கு உறைத்தது.

"உள்ள போமா. மொதல்ல உன் ஊட்டுக்காரருக்குப் போன் போடு. நீ வரலன்னு நாங்க போன்ல சொன்னதும் பேஜாராயி வண்டிய எடுத்துக்கினு கெளம்பிட்டாரு."

சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து கேட்டில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா, பஸ்ஸு பேரு படிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

ஷிஃப்ட் முடிகிற வரை யாராவது ஒருத்தி சைரன் மாதிரி ஊளையிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எந்த ஒயரையும் இரண்டு தடவை செக் பண்ணாமல் கை கீழே வைக்கவில்லை.