மெருகு போட்ட பனிக்கோடரி

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'சிகரம்' என்று பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதினேழு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று கம்பிவடத்தை விரல் விரலாகத் தடவிப் பார்ப்பார். ஆனால் லிஃப்ட் ஓடாத நாளில் நாலாவது மாடிக்குப் படியேறச் சொன்னால், இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் வீடு நிறைய பழைய மலையேற்றச் சாமான்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஊர் சும்மா விடுமா?

"எந்த மலை ஏறியிருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

"ஏறல."

"பின்ன எதுக்கு இதெல்லாம்?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஸ்டாம்பு சேர்க்கிறவனைப் பார்த்து நீ தபால்காரனா என்று யாராவது கேட்கிறார்களா?

ஆளைத் தாங்குகிற இரும்பு என்றால் அவருக்கு ஒரு பித்து. பாறை இடுக்கில் அடிக்கும் ஆணிகள், கயிறு கோக்கும் வளையங்கள், அடியில் ஆணி பதித்த பூட்ஸ், சணல் கயிற்றுச் சுருள்கள் எல்லாம் பின்னறை அலமாரியில் பெயர்ச்சீட்டு கட்டித் தொங்கின. நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; அதிகம் பேச மாட்டாள். "ஏங்க, இந்த வீட்ல துணி வைக்க ஒரு அலமாரி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பதோடு சரி.

தெரிந்தவர்கள் செய்கிற உபகாரம்தான் பெரிய தொல்லை. பழைய இரும்பு வாங்குகிறார் என்று யாரோ கிளப்பிவிட, ஒருவர் கறிக்கடைக் கொக்கியைக் கொண்டுவந்தார், இன்னொருவர் நாய்ச் சங்கிலியைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது. வாங்கி வைத்தால் வீட்டில் முகம் சுருங்குகிறது.

இதற்கு நடுவே, பனிமலையில் குத்திக் குத்தி ஏறுகிற பனிக்கோடரி ஒன்று வந்து சேர்ந்தது. எப்போதோ கலைந்துபோன மலையேற்றச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியல் அவர் கையில் கிடைத்தது. அதில் இருந்த ஒரு முகவரியில் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மனைவி மட்டும் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மூன்று வருடம் விடாமல் கடிதம் எழுதினார். 'தங்கள் காலஞ்சென்ற கணவர் பயன்படுத்திய சாமான்கள் ஏதேனும் இருந்தால்' என்று ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். கடைசியில், 'வந்து எடுத்துக்கொண்டு போங்கள்' என்று ஒற்றை வரி வந்தது. போனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள், துருவேறிய கோடரியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, உட்காரச் சொல்லாமலே கதவைச் சாத்திவிட்டாள்.

தலையில் ஒரு பக்கம் கூர்மூக்கு, மறுபக்கம் அகன்ற வாய், அடியில் முள். துருவுக்கு அடியில் செய்தவரின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. அதைப் படித்துவிட்டால் வருடத்தையே சொல்லிவிடலாம். எண்ணெயும் பஞ்சுமாக வாரத்துக்கு ஓர் எழுத்து என்று துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது எழுத்து தலைகாட்டும்போது, வெளியூரில் நாலு நாள் வேலை வந்தது.

திரும்பி வந்தபோது கோடரி சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. கைப்பிடியில் புது வார்னிஷ். பக்கத்தில் மனைவியின் தம்பி, ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை வைத்திருப்பவன், முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"எப்படி மாமா இருக்கு? ரெண்டு சாணைச் சக்கரம் தேஞ்சுபோச்சு. அவ்வளவு துரு."

அவர் கோடரித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"இங்க எழுத்து இருந்துச்சே."

"ஆமா மாமா, அதான் ரொம்ப படுத்திடுச்சு. ஆழமா வெட்டியிருந்தான்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். அன்றிலிருந்து மச்சானோடு பேச்சு நின்றது. அவன் வந்தால் இவர் பின்னறைக்குப் போய்விடுவார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

"அவன் ஆசையாத்தானே செஞ்சான்?" என்றாள் மனைவி.

"ஆசையா செஞ்சா அழிச்சது திரும்பி வந்துடுமா?"

"அப்ப அந்த அம்மாகிட்டயே போய்க் கேளுங்க. போட்டோ கீட்டோ இருக்கும். என் தம்பி எத்தனை நாளைக்குத்தான் வாசல்ல நின்னு பேசிட்டுப் போவான்?"

கோடரியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொல்லி, கணவர் மலையில் எடுத்த படம் ஏதாவது இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு வருஷமா கடுதாசி போட்டீங்க. ஒரு தடவையாவது யார் ஏறினதுன்னு கேட்டீங்களா?"

அவருக்குப் புரியவில்லை.

"பட்டியல்ல இருக்கிறது என் பேரு. வெறும் முதலெழுத்தா போட்டிருந்ததைப் பார்த்துட்டு ஆம்பளைன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. எங்க வீட்டுக்காரருக்கு நாற்காலி மேல ஏறி பல்ப் மாட்டினாலே தலை சுத்தும். இது அவர் ஹால் சுவத்துக்கு அழகா இருக்கும்னு வாங்கிட்டு வந்தது. அசல் மாதிரி முத்திரை குத்தி விப்பாங்க. முப்பது வருஷம் துணி துவைக்கிற கொட்டகையில கிடந்துச்சு. எடுத்துட்டுப் போறேன்னு அடம் பிடிச்சீங்க, குடுத்தேன்."

அவர் கோடரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெருகேறிய இரும்பில் ஊசி முனை அளவுக் குழிகள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. காய்ச்சி அடித்த எஃகில் அப்படி வராது. அச்சில் ஊற்றிய இரும்பில்தான் வரும். லிஃப்ட் கொக்கியில் இப்படி ஒரு குழி இருந்தால் தொட்டுப் பார்த்தே தூக்கிப் போட்டிருப்பார். கோபத்தில் இரண்டு மாதம் அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறார்.

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு கோடரியை எடுத்து வந்தாள். கருத்துப்போன கைப்பிடி, தேய்ந்து மொட்டையான முள். அடிக்கடி கைபட்ட தலையில் முத்திரை சுத்தமாகத் தெரிந்தது. அவர் கை தானாக நீண்டது.

"பார்த்துக்கோங்க. தரமாட்டேன்," என்றாள். "அந்தச் சங்கத்துலயும் என்னைக் கூட்டிட்டுப் போனது சமைக்கத்தான். மேல வரைக்கும் போனவங்க மூணே பேரு, அதுல நான் ஒருத்தி. கீழ வந்ததும், சாப்பாடு எங்கன்னு கேட்டாங்க."

அவர் முத்திரையைப் படித்தார். வருடம் சொல்ல வாயெடுத்தவர், வேண்டாம் என்று மூடிக்கொண்டார். "எந்தப் பக்கமா ஏறினீங்க?" என்று கேட்டார். சாயங்காலம் ஆறு மணிவரை அந்த அம்மாள் சொன்னாள். ஏறியது முழுக்க வடக்குப் பக்கம், ஐந்து நாள், அதில் இரண்டு நாள் காற்று.

வீட்டுக்கு வரும் வழியில் பட்டறைக்குப் போனார். மச்சான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி எழுந்து நின்றான்.

"நீ தேய்க்கலேன்னா அது போலின்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். மன்னிப்பு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"வேற ஏதாவது இருந்தா குடுங்க மாமா, தேச்சுத் தரேன்."

"ஒண்ணையும் தொடாதே," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் பின்னறையைப் பார்க்க வந்தாள். அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள்.

"இது பாறையில அடிக்கிறதில்ல, கூடாரத்து முளை. இது படகுக்காரங்க வளையம். இந்தப் பூட்ஸைப் போட்டு எவனும் மலை ஏறல, வயல்ல நடந்திருக்கான்."

அவர் எதிர்த்துப் பேசிப் பார்த்தார். நூலகத்தில் எடுத்த குறிப்புகளைக் காட்டினார். அந்த அம்மாள் அசையவில்லை. மத்தியானத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு அறுபத்தெட்டாகக் குறைந்தது. மனைவி வாசற்படியில் நின்று, அலமாரியில் காலியான இரண்டு தட்டுகளைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்கம்மா," என்றாள் அவள்.