நண்டுத் தட்டுக்கு வைத்த பொட்டு

சேலையூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் முட்டைகூட வந்ததில்லை. ஹாலில் மட்டும் நண்டு, இறால், விலாங்கு, சிப்பி எல்லாம் குடித்தனம் நடத்துகின்றன. அத்தனையும் பீங்கான். பழைய சீமைத் தட்டுகள். கடல் ஜந்துக்கள் அசல் போலவே புடைத்துக்கொண்டு நிற்கும். சோறு போட்டுச் சாப்பிட முடியாது. சுவரில் மாட்டினால் பின்னால் பல்லி குடியேறும். இதற்குப் பெயர் கலை என்பார் என் கணவர். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தொற்றிய வியாதி, ஓய்வு பெற்றபின் முற்றிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு ராஜா ஒரு நண்டுத் தட்டு. அதைத் துடைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. “நீ தொடாதே, உனக்கு இதோட அருமை தெரியாது” என்பார். முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். எனக்குக் களிமண்ணைப் பற்றித் தெரியாதாம்!

சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் கூடுவாஞ்சேரிப் பெரியவர் ஒருவர் ‘அசல்’ என்று சொல்லிவிட்டால் ஊரே ஒப்புக்கொள்ளும். ஊர் என்றால் பதினாலு பேர். ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்டைப் பார்க்க நேரில் வருவதாக அவர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக என் கணவர் பத்து வருஷமாகக் காத்திருந்தார். மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆயுத பூஜையன்று ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், நண்டு நல்லபடியாகத் தேற வேண்டுமே என்று அதன் முதுகிலும் மஞ்சளைக் குழைத்து அப்பினார். மேலே குங்குமம் வேறு. பழைய பீங்கான் மெருகில் மயிரிழை விரிசல்கள் இருக்கும். ஈர மஞ்சள் உள்ளே இறங்கினால் லேசில் வெளியே வராது. மஞ்சள் கிண்ணத்தோடு அவர் போனபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அருமை தெரிந்தவர் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் துடைத்தார். பொட்டு போயிற்று, விரிசல்களில் மஞ்சள் போகவில்லை. சோப்பு, எலுமிச்சை, கண்ணீர் எல்லாம் போட்டுப் பார்த்தார்.

ஞாயிறு பெரியவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

“அசல்தான் சார். ஆனா இப்படி யார் சார் பாழ் பண்ணது?”

என் கணவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “வைஃப் சார். பூஜைன்னு சொல்லி, தெரியாம பொட்டு வெச்சுட்டாங்க.”

“பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்!” என்றார் பெரியவர்.

எனக்கு உச்சி கொதித்தது. காபி டம்ளரை டக்கென்று வைத்தேன்.

“நான் வைக்கல சார், அவர்தான் வெச்சார். மஞ்சள் உள்ள இறங்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். பார்த்துக்கிட்டுதான் நின்னேன்.”

பெரியவர் காபியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். கதவைச் சாத்திவிட்டு வந்த என் கணவர் கோபப்படவில்லை. நண்டின் முதுகை விரலால் தடவினார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்.

பத்து வருஷம் அவரை வாய் ஓயாமல் நையாண்டி செய்தவள் நான். சொல்ல வேண்டிய அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.