காதர் பாய் பேசாத பேச்சு

எங்கள் தொழிலுக்கு முதலீடு என்று பார்த்தால் தொண்டை ஒன்றுதான். மழைக்காலத்தில்கூட அதற்கு விடுமுறை கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்ப, அதை ஊருக்குள் கொண்டுசேர்க்கும் வேலை தங்கள் தலையில் வந்து விழுந்தவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன், என் மாமா வசமாக ஏமாந்த கதை. இப்போதே தரமாட்டேன். முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை கிடைத்த விதம்

பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று படகு போன வழியில் இன்று மேடு நிற்கும். அலையும் சேர்ந்தால் படகு கவிழும். எங்கள் தெருவில் பிறந்த தேவகி அக்கா டச்சுக்காரர் நாடான நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்வதே இந்த மணலைப் பற்றித்தான். செயற்கைக்கோள் படத்தையும் அலைக் கணிப்பையும் பார்த்து, எந்தப் பக்கம் போகலாம் என்று தினமும் விடிவதற்குள் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவார்.

யாரும் கேட்கவில்லை. பல வருஷம் வெளியில் இருந்ததில் அக்காவின் தமிழ் வானொலிச் செய்தி மாதிரி ஆகியிருந்தது. "வணக்கம். முகத்துவாரத்தின் வடபகுதியில்" என்பதற்குள் ஆட்கள் அணைத்துவிடுவார்கள். மிமிக்ரி தெரிந்த நான் அதையே மீன் ஏலம் விடுகிறவர் குரலில் சொல்லி, விளையாட்டுக்குக் குழுவில் போட்டேன். மறுநாள் பொன்னேரி பஸ் கண்டக்டர் குரலில்: "வடக்கால வழியில்ல, தெக்கால போ, போ, ரைட்." எல்லாரும் கேட்டார்கள். அக்காவிடமிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது இதுதான்: "நாளைலேர்ந்து நான் எழுதி அனுப்புறேன், நீ பேசுடா."

யாருடைய இடுப்பு

மேகம் மூடினால் படத்தில் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் ஆழத்தை நாங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மீட்டர் எல்லாம் ஒத்துவராது. தண்ணீரில் இறங்கி நின்று முட்டித் தண்ணி, இடுப்புத் தண்ணி, கழுத்துத் தண்ணி என்பார்கள். ஒருநாள் சேகர் அண்ணன் நின்று "இடுப்பு" என்றார். மறுநாள் அதே இடத்தில் கஜா அண்ணன் நின்று "கழுத்து" என்றார். ஒரே ராத்திரியில் அவ்வளவு மணல் எங்கே போயிற்று என்று அங்கே அக்காவின் அலுவலகமே அதிசயப்பட்டிருக்கிறது.

மணல் எங்கும் போகவில்லை. சேகர் அண்ணன் பனைமரம். கஜா அண்ணன் அவர் மார்புக்குத்தான் வருவார். நான் டெய்லரிடம் டேப் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் எல்லார் முட்டியையும் இடுப்பையும் அளந்து அனுப்பினேன். அக்கா அன்று சொன்னது: "இனிமே எவ்ளோ தண்ணின்னு மட்டும் சொல்லாத. அது யாரோட இடுப்புன்னும் சேத்து சொல்லு."

மாமாவின் கால்

ஏழுமலை மாமா என் அம்மாவுக்குத் தம்பி. முன்பு ஒரு மழையில் அவர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது; காலுக்குள் இன்னும் கம்பி இருக்கிறது. இன்னொரு முறை கவிழ்ந்தால் அவரால் நீந்த முடியாது. இது அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனால் அக்கா குழு தொடங்கிய அன்றே முதல் ஆளாக வெளியேறியவர் அவர்தான்.

உலகத்தில் மாமா நம்புகிற ஒரே ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காதர் பாய். முகத்துவாரத்தில் ஒருதடவைகூட மேட்டில் தட்டாமல் படகு ஓட்டியவர் என்று பெயர். அக்காவைப் பற்றிக் கேட்டால் மாமா சொல்வார்: "டச்சுக்காரன் கட்ன கோட்டையே நம்மூரு மண்ணுல அட்ரஸ் இல்லாம பூட்சி. அவன் ஊருக்குப் போயி இந்தப் பொண்ணு நம்ம மண்ணப் பத்திப் படிக்குதாம்."

நண்டு

நான் என்ன செய்வேன்? மாமாவுக்கு மட்டும் தனியாக, பாய் குரலில், பாயின் இருமலோடு அனுப்ப ஆரம்பித்தேன். "ஏழுமல, வடக்கால போவாத நைனா, மேடு கீது. திரும்பி வர்றப்போ கோல் போட்டுப் பாத்து ஆழம் சொல்லு." பாயிடம் பட்டன் போன்தான் என்பதால், என் போனில் பேசி அனுப்புகிறார் என்று சொல்லிவைத்தேன். பாய்க்குக் காது மந்தம். மாமா நேரில் எதைச் சொன்னாலும் "ஆமா நைனா" என்பார். மாமா ஒருநாள் விடாமல் கோல் போட்டு அளந்து பதில் அனுப்பினார். அது அப்படியே நெதர்லாந்து போனது.

ஐப்பசியில் ஒரு காலை "இன்னிக்கு எறங்கவே எறங்காத" என்று இருமினேன். மாமா படகைக் கட்டிப்போட்டார். குழுவில் சொன்னதையும் மீறி அன்று இறங்கிய இரண்டு படகுகள் மேட்டில் தட்டிக் கவிழ்ந்தன. ஆட்கள் நீந்தித்தான் கரை சேர்ந்தார்கள். மாமா தன் காலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் கரையில் நின்றார். பிறகு ஒரு கூடை நண்டோடு டீக்கடைக்குப் போனார். அதன்பின் வாராவாரம் பாய்க்கு நண்டு போனது. எதற்கு வருகிறது என்று தெரியுமா என்று பாயின் காதருகே போய்க் கேட்டேன். "மனசு நெறஞ்சு குடுக்கிறான். இன்னாத்துக்குன்னு கேட்டா நண்டு கோச்சுக்கும் நைனா."

கடைவாய்ப்பல்

அக்கா லீவில் வந்திருந்தார். வழக்கம்போல விடியலில் மாமாவுக்கு இருமிவிட்டு, அக்காவை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் சாயங்காலம் பாய் பொன்னேரியில் பல் பிடுங்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. வாய் நிறையப் பஞ்சு, கன்னத்தைச் சுற்றித் துண்டு. எதிரே மாமா. நண்டுக் கூடையை பாய் மடியில் வைத்துவிட்டு, காலையில் கேட்காமல் விட்ட செய்தியைப் போனில் சத்தமாகப் போட்டார். பாய் குரல் கணீரென்று வந்தது. மாமா போனைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். நான் நழுவப் பார்த்தேன். அக்கா என் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், ஒரு தபா இருமு" என்றார் மாமா.

இருமினேன். பாயே திரும்பிப் பார்த்தார்.

மாமா அக்காவிடம் கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நான் கோல் போட்டு அளந்து சொன்னதெல்லாம்?"

"எனக்குத்தான் அண்ணே. நீங்க அனுப்பின அளவு இல்லன்னா மழைல நான் குருடி."

மாமா கூடையைப் பிடித்து இழுத்தார். பாய் விடவில்லை. "பாய், இதுவரைக்கும் துன்னது துன்னதாவே இருக்கட்டும். இந்தக் கூடைய அந்தப் பொண்ணுகிட்ட குடு. என் காலு ரெண்டும் அது குடுத்தது."

நெதர்லாந்திலிருந்து பழவேற்காட்டுக்கு அக்காவின் சொல் ஒரு நொடியில் வந்துவிடும்; டீக்கடை பெஞ்சிலிருந்து மாமா காதுக்குள் போகத்தான் பாயின் கடைவாய்ப்பல் ஒன்றைக் கொடுக்கவேண்டியிருந்தது.