பீர் இல்லாத கடையில் ஒரு பிறந்தநாள்

"தம்பி, உங்க கடையில பீர் இருக்கா?"

போனில் நான் இப்படிக் கேட்டதும் அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு வருகிற உற்சாகத்தைக் கேட்க வேண்டுமே! "ஏன் இல்லாம ஆன்டி? அஞ்சு பாட்டில் பக்கெட்டா எடுத்தா ப்ரோமோஷன்கூட இருக்கு லா. எத்தன பேரு வரீங்க?" என்பான். "அப்போ வேணாம்ப்பா" என்று நான் போனை வைத்துவிடுவேன். கிள்ளானில் இலை போட்டுச் சோறு போடுகிற கடைக்காரர்களில் பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். ஒருவன் விடாமல் திரும்ப அழைத்து, "ஆன்டி, வேற பிராண்ட் வேணும்னா சொல்லுங்க, வாங்கி வச்சிடறேன்" என்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்றேன். "கெழவனுக்கு மாலை போட்டு வேடிக்க காட்டப் போறியா?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கடையில் சாப்பிட்டால் போதுமாம். அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என் உயிரை எடுத்துவிட்டது.

அவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர். வேலை முடிந்ததும் குடிப்பார், வேலை இல்லாத நாளில் காலையிலேயே குடிப்பார். சண்டை போடுகிற ஆள் இல்லை, குடித்தால் பாட்டும் சிரிப்புமாகத்தான் இருப்பார். அதனாலேயே அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். போன வருடம் ஒரு நாள் குளியலறையில் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அங்கிள், உங்க ஈரல் இதுக்கு மேல தாங்காது. ஒரு கிளாஸ்கூட வேணாம். அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது." அன்றைக்கு விட்டவர்தான், அதற்கப்புறம் தொடவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கடைக்குப் போய்த் திரும்பினால்கூடக் கிட்டே போய் மோந்து பார்ப்பேன். பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

இந்த நிலையில் அவரைப் பீர் பக்கெட்டுகள் நடுவில் உட்கார வைத்துப் பிறந்தநாள் கொண்டாடுவேனா? தண்ணி விற்காத கடை, அது ஒன்றுதான் என் கண்டிஷன். உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசை யாருக்காவது இருக்குமா?

என் கொழுந்தன்தான் முதலில் போன் செய்தான். அவருக்கு ஒரே தம்பி, அண்ணன் என்றால் உயிரை விடுவான். வாழ்த்து, நலம் எதுவும் கிடையாது. "அண்ணி, அங்க தண்ணி கெடைக்குந்தானே?"

"கெடைக்காது."

"அட என்னா அண்ணி! தண்ணி இல்லாம என்னா பார்ட்டி? ஜெஞ்சாரோம் பக்கத்துல ஒரு சீனர் கடை இருக்கு, மீனு பிரமாதமா இருக்கும். அங்க வச்சிக்கலாமே?" மீனாம் மீனு. இவன் மீனுக்காக எந்தக் காலத்தில் ஜெஞ்சாரோம் போனான்? சைவக் கடை ஒன்றைச் சொன்னேன். "அய்யோ அண்ணி, கருமாதிச் சாப்பாடு மாதிரி இருக்கும்" என்றான், வாய் கூசாமல். சரி, முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் தண்ணி கிடையாதே, அதையாவது பார்க்கலாம் என்றால் என் மகள் சண்டைக்கு வந்துவிட்டாள். "அப்பாவோட அறுபதாவது பிறந்தநாள மாமாக் கடையிலயா? ரொட்டி சானாய் மேலயா மெழுகுவர்த்தி ஏத்தப் போறீங்க?"

ரவாங்கிலிருந்து என் அண்ணன் பேசினார். ரயிலில் வருகிறாராம். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது மனுசன் ரயிலில் வருகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? "அங்க ஒண்ணும் கெடைக்காதுண்ணே" என்றேன்.  "பரவால்ல தங்கச்சி, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அதில் வந்த அந்த 'நாங்க' யார் யார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எப்போதிருந்து இப்படி ஆனது என்றுதான் கேட்கிறேன். வெளியே சாப்பிடப் போகலாம் என்றால், சாப்பிடத்தானே போகிறோம்? எங்கள் ஆட்களுக்குக் கடையில் என்ன சோறு, என்ன குழம்பு என்று தெரிய வேண்டாம். மேசையில் பாட்டில் வைக்கலாமா கூடாதா, அது தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்கு மொட்டையடித்து, காது குத்தி முடித்தால்கூட அடுத்த கேள்வி அதுதான். வைக்கக் கூடாது என்றால் கடைக்காரன் ஏதோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையை மகள் கண்டுபிடித்தாள். கடைவீட்டு மாடியில், ஏர்கான் போட்ட இடம். முஸ்லிம்களான மலாய்க்காரர்களும் குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிற கடை, அதனால் தண்ணி விற்பதும் இல்லை, கொண்டுவரவும் விடமாட்டார்கள். நான் நேரில் போய்க் கடை முதலாளியிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்த மனுசன் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "கவலப்படாதீங்க ஆன்டி, பின்னால கார் பார்க் இருக்கு. ஆம்பளைங்க எல்லாரும் காரு பின்பக்க 'பூட்'டத் தொறந்து வச்சி அங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்றார். தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நீள மேசையின் நடுவில் அவரை உட்கார வைத்தோம். மகள் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை போட்டிருந்தார், ஆள் இளைத்துப்போனதால் தோளில் தொங்கியது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இத்தனை பேரை ஒன்றாக அவர் பார்க்கவே இல்லை. "வாடா, வாடா" என்று தம்பியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். எல்லோருக்கும் ரோஸ் சிராப்பில் பால் கலந்த சிராப் பாண்டோங் வந்தது. அந்த ரோஸ் நிறக் கிளாஸை என் அண்ணன் பார்த்த பார்வை இருக்கிறதே, பேதி மருந்தைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

இலை போட்டார்கள். கொழுந்தனுக்கு உடனே போன் வந்தது. மணி அடித்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை, அவன் மட்டும் "ஹலோ, ஹலோ" என்று எழுந்து போனான். என் அண்ணனுக்கு சிகரெட் ஞாபகம் வந்தது. அண்ணன் அதை விட்டு வருடக் கணக்காகிறது. இன்னொருத்தர் காரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார், அவருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஒரு காரைப் பூட்ட எத்தனை ஆம்பளைகள் வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

சோறு வந்தது, மீன்தலைக் கறி வந்தது, மட்டன் பெரட்டல் வந்தது. போன ஆள் ஒருவனும் வரவில்லை. மேசையில் பெண்களும் பிள்ளைகளும், நடுவில் அவரும். அவருக்கு இரண்டு பக்கமும் காலி நாற்காலி, காலி இலை. சிரித்த முகத்தோடு வாசலைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார். எனக்கு உள்ளே கொதித்தது. பிறந்தநாள்காரரை உட்கார வைத்துவிட்டு எங்கேடா போனீர்கள், பாவிகளா?

திடீரென்று மட்டன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"என்னாங்க, எங்க போறீங்க?"

"கீழ. வெறும் வயித்துல குடிப்பானுங்க, நல்லதில்ல. குடுத்துட்டு வரேன்."

 "நீங்க போக வேணாம். நான் கொண்டு போறேன்."

"நீ இரு. தோ வரேன்."

இந்தத் 'தோ வரேன்' என்ற சொல்லை நம்பி எத்தனை இரவு சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! எழப்போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, எல்லார் முன்னாலயும் அப்பாவ அசிங்கப்படுத்தாதீங்க" என்றாள். உட்கார்ந்தேன்.  பிள்ளையாரே, இன்றைக்கு மட்டும் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன்.

ஆனால் உடனேயே திரும்பி வந்துவிட்டார். தட்டில் மட்டன் போனபடியே இருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று, நான் ஒன்றும் கேட்காமலே குனிந்து, வாயைத் திறந்து காட்டினார். நான் மோந்து பார்த்தேன். பார்க்காமல் விடுவேனா? சிராப் வாசனைதான் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

"ஏன், தட்ட அப்படியே கொண்டாந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கிக்கல. நான் வரத பாத்ததும் எல்லாவனும் கப்ப முதுகுக்குப் பின்னால மறைச்சிக்கிட்டானுங்க. நல்லாச் சிரிச்சிக்கிட்டிருந்தானுங்கடி, நான் போனதும் கப்சிப்புன்னு ஆயிட்டானுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல." தட்டை மேசையில் வைத்தார். "போலீஸ்காரனப் பாத்த மாதிரி பாக்குறானுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, உதடு மட்டும் கோணிக்கொண்டது.

இத்தனை வருடத்தில் அவர் குடித்து நான் அழுதிருக்கிறேன். குடிக்காத மனுசனைப் பார்த்து அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்கினால் எனக்குக் கோபமாகத்தான் வரும். மகள் கூப்பிடக் கூப்பிடப் படியிறங்கிப் போனேன்.

கார் பார்க்கில் மண்டையைப் பிளக்கிற வெயில். கொழுந்தன் காரின் பின்பக்க 'பூட்'டைத் திறந்து வைத்து, உள்ளே ஐஸ் பெட்டி, விஸ்கி பாட்டில், சோடா, முறுக்குப் பாக்கெட். எல்லோரும் வேர்த்து வழிய வழிய நின்றுகொண்டு பேப்பர் கப்பில் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே காசு கொடுத்து ஏர்கானில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன், இவர்களுக்குத் தார் ரோட்டில் சொர்க்கம்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினேன். "அவரு பிறந்தநாளுக்கு வந்தீங்களா, இந்தப் பாட்டில் பிறந்தநாளுக்கு வந்தீங்களா? அங்க தனியா உக்காந்து வாசலப் பாத்துக்கிட்டு இருக்காருடா மனுசன்!"

என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன்தான் முன்னால் வந்தான். "அண்ணி, அவருக்காகத்தான் அண்ணி இங்க வந்தோம். அவரு முன்னால குடிச்சா அவருக்கு ஆச வந்துரும்ல?"

"அப்ப குடிக்காம உக்காரு! ஒரு மத்தியானம் ஒன்னால குடிக்காம உக்கார முடியாதா? செத்தா போயிடுவே?"

 அவன் கப்பைப் 'பூட்'டுக்குள் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். வேர்வை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அண்ணி, அவருதான் எனக்கு மொதமொத ஊத்திக் குடுத்தாரு. அன்னையிலேருந்து அவருகூட குடிக்காம உக்காந்ததே இல்ல. குடிக்காம அவருகிட்ட என்னா பேசறதுன்னே தெரியல அண்ணி."

  அறுபது வயது அண்ணன், ஐம்பத்தைந்து வயது தம்பி, ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். நடுவில் பாட்டில் இல்லாவிட்டால் பேச ஒரு வார்த்தை இல்லையாம். இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

"தெரியலன்னா பேசாத" என்றேன் கடைசியில். "சும்மா பக்கத்துல உக்காந்து சாப்பிடு. வா."

வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படியேறி வந்து அவரவர் இலைமுன் உட்கார்ந்தார்கள்.  என் வீட்டுக்காரர் ஆறிப்போன மட்டனை எடுத்துத் தம்பி இலையில் வைத்தார். தம்பி குனிந்த தலை நிமிராமல் பிசைந்து சாப்பிட்டான். மேசையே சத்தமில்லாமல் இருந்தது. பிள்ளைகள்கூட எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். 

கொழுந்தன் இரண்டு மூன்று முறை வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மட்டன்ல உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே" என்றான்.

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று பார்த்தார். "ஆமாடா" என்றார். "கம்மிதான்."

"நம்ம வீட்டுல அம்மா போடுற உப்பு இல்லண்ணே."

"அதெல்லாம் இவனுங்களுக்கு எங்கடா தெரியும்?" என்று சொல்லி, தம்பி இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.

சாப்பாடு முடிகிறவரை இரண்டு பேரும் உப்பைப் பற்றியே பேசினார்கள். அந்த மட்டனில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.