குதிரைக்குப் பத்தியம்

தென்காசி ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு நான் ஜட்கா ஓட்டிய காலம் அது. ஒரு வருஷம் சித்திரை மாதம் எங்கள் குதிரைக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. கழுத்திலும் விலாவிலும் பணியாரம் பணியாரமாக எழும்பும். மத்தியானம் அமுங்கும். மறுநாள் வேறு இடத்தில் எழும்பும். வேப்பிலை அரைத்துப் பூசினோம், மஞ்சள் பூசினோம். வைகாசி வந்தும் நிற்கவில்லை. தடிப்பின்மேல் சேணம் உரசி ரணமானதால் வண்டியில் பூட்ட முடியாமல் போயிற்று.

ஆனியில் சாரல் தொடங்கி, அருவியில் குளிக்கக் கூட்டம் வந்துவிடும். சாரல் மாதங்களில் ஓடினால்தான் எனக்கும் மனைவிக்கும் வருஷம் முழுவதும் சாப்பாடு. அதற்குள் குணமாகாவிட்டால் குதிரையை விற்க வேண்டியதுதான். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் நிறைய வெள்ளை மாத்திரை கொடுத்தார். “காலைல தீனியோட குடு. தடிப்பு அமுங்கிட்டுன்னு நீயா நிறுத்திராத. நாந்தான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்பேன். ரொம்ப நாளைக்குக் குடுக்கணும்” என்றார். எனக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் பேச வாய் வராது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வியே, “பத்தியம் என்ன சொன்னாவ?” என்பதுதான்.

“கேக்கல.”

“வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய? மருந்துன்னா பத்தியம் இல்லாமலா?”

அவளே பத்தியம் வகுத்தாள். கொள்ளு சூடு, ஆகாது. தவிடு சேராது. வைக்கோலும் கஞ்சித்தண்ணியும் போதும். மாத்திரையைக் கருப்பட்டியில் பொதிந்து கஞ்சியோடு கொடுத்தோம். சில நாளில் தடிப்பு அமுங்கி, ரணமும் ஆறியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “எல்லாம் பத்தியந்தான்” என்றாள்.

குதிரைக்கோ பேய்ப்பசி. கூரை ஓலையை இழுத்துத் தின்றது. சாரல் தொடங்கிய அன்று ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். குற்றாலம் கடைத்தெருவில் பழக்கடை முன்னால் குதிரை தானாக நின்று, தொங்கிய வாழைத்தாரில் வாயை வைத்துவிட்டது.

“ஏலே! குதிரையா வளக்க, யானையா வளக்க?” என்று கடைக்கார அம்மா கத்தினாள்.

வண்டியில் இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அவர்களில் பெரியவர் தாரையே விலைக்கு வாங்கி, “தின்னட்டும்வே, பாவம்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் திரும்பும்போது குதிரை மேட்டில் கால் தடுமாறி நின்றுவிட்டது. விலா எலும்பு தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள். டாக்டர் குதிரையைச் சுற்றி வந்தார். “தீனி என்னப்பா போடுத?”

“பத்தியம்...” என்றேன்.

“பத்தியமா? குதிரைக்கா? யாரு சொன்னா?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குதிரையைப் பார்த்தாள். டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“இந்த மாத்திரையே பசியக் கிளப்பும், தாயி. நீ பட்டினி போட்டா அது வண்டிய எப்படி இழுக்கும்? பழையபடி கொள்ளு போடு. ஒரேயடியா அள்ளிப் போட்டுராத, நாளுக்கு நாள் கூட்டு.”

அவள் விடவில்லை. “தண்ணி அண்டா அண்டாவாக் குடிக்கே?” அதுவும் மாத்திரையால்தானாம். “வேற எதைப் பாக்கணும்?” இந்த மருந்து சில சமயம் குளம்பைத் தாக்கும், தினமும் குளம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சுட்டாலோ நொண்டினாலோ உடனே வர வேண்டும் என்றார். நான் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்டு முடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொள்ளை அவித்து, ஆறவைத்து, அவள் கையாலேயே ஊட்டினாள். குதிரை மென்ற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்றார். எப்போதாவது ஒன்றிரண்டு தடிப்பு எழும்பும், அமுங்கிவிடும்.

ஆடி முழுவதும் ஓடினோம். வழவழவென்ற முதுகில் சேணம் அழகாக உட்கார்ந்தது. ஒரு நாள் மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். தூறலில் காதை விடைத்துக்கொண்டு குதிரை பாய்ந்தது. “மெதுவா, மெதுவா!” என்று அவள் கத்தினாள். நான் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டேன்.