ஆணியை எண்ணு, தலையை எண்ணாதே

ஆபீசில் அவருக்குத் தலையெண்ணி என்று பெயர். வைத்தவன் எவனோ, நன்றாகத்தான் வைத்தான். ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, ஷிப்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வந்ததாகப் பாவலா காட்டினார்கள் என்று எண்ணியே தேய்ந்தவர். நாற்காலியில் சட்டையை மாட்டிவிட்டு டீக்கடைக்கு நழுவுகிற கில்லாடிகளைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் மன்னன். கடைசி வருஷம் மேலிடம் தலைகளைக் குறைக்கச் சொன்னது. குறைத்தார். குறைத்து முடித்ததும், குறைத்தவரின் தலை ஒன்று மிச்சமிருப்பதை மேலிடம் கவனித்தது.

வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரை மச்சான்தான் கூப்பிட்டான். அவன் கடல் தாண்டிய தேசத்தில், ஒரு சின்னக் கடற்கரை ஊரில், படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். "ரெண்டு வாரம் காத்து வாங்கிட்டுப் போங்க அத்தான்" என்றான். அத்தான் போனார். ரெண்டு வாரம் ஒரு வருஷம் ஆயிற்று.

அந்த ஊரில் கடலைக் கல் சுவரால் மறித்துக் கட்டிய ஒரு குளியல் குளம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும், படியில் பாசி தேய்க்க வேண்டும், பதினொரு மணிக்கு மணி அடித்துப் பூட்ட வேண்டும். குடியிருக்கப் பம்பு அறைக்கு மேலே ஒரு ரூம். கட்டில், ஜன்னல், ஒரு வாணலி, இரண்டு தட்டு. மீட்டிங் கிடையாது. இவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ராத்திரி படுத்தால் காலையில்தான் விழித்தார். பிரஷர் மாத்திரை பாதியாகக் குறைந்தது. 'போதும்' என்ற சொல்லுக்கு அர்த்தம் ஐம்பத்தெட்டு வயதில்தான் பிடிபட்டது.

அவர் மனைவி மட்டும் சொந்த ஊரிலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளும் எண்ணுகிறவள்தான். படி ஏறினால் படி, பஸ்ஸில் போனால் விளக்குக் கம்பம். ஜாடிக்கேற்ற மூடி. "ஒரு வருஷம் தரேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். "அப்புறம் நானே வந்து பாப்பேன். பிடிச்சா இருக்கேன். பிடிக்கலைன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு என்கூடக் கிளம்பணும். அப்ப பேச்சு மாறக் கூடாது."

இப்போது வருகிறாள். தலையெண்ணிக்குக் கவலை. இடம் பிடிக்காமல் போய்விடுமோ என்பதால் அல்ல. அவள் எண்ணுவாளே என்பதால்.

பழைய காவல்காரி சாவியைக் கொடுத்த அன்றே சொல்லித்தான் போனாள். கடலே கண்ணில் படாத உள்நாட்டு ஊராகப் பார்த்து அவள் குடிபோகிற அவசரம். "ஆணியை எண்ணு, தலையை எண்ணாதே. துணி மாட்டுற ஆணியெல்லாம் காலியானா எல்லாரும் போயாச்சுன்னு அர்த்தம். பூட்டிட்டு நீயும் போ."

தலையெண்ணியிடம் தலையை எண்ணாதே என்றால்? அன்றைக்கே எண்ணினார். ஆணியில் பதினொரு கோட்டு. தண்ணீரில் பன்னிரண்டு தலை.

மணி அடித்தார். பதினொரு பேர் ஏறினார்கள். தண்ணீரில் யாரும் இல்லை.

மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் கழித்து, தினமும் நீந்த வருகிற பல் டாக்டரம்மா தலையைத் துவட்டியபடி அவர் முகத்தைப் பார்த்தார்.

"எண்ணிட்டீங்களாக்கும்?"

"பழக்கதோஷம்."

"எங்களுக்கெல்லாம் தெரியும். பேசிக்கிறதில்ல. அது பாட்டுக்கு நீந்துது, யாரையும் இடிக்கிறதில்ல. என் வீட்டுக்காரரைவிட நல்ல சுபாவம்."

ஏறி வந்தால் மாட்டிக்கொள்ளத் துணி கிடையாது, அதனால் ஏற வழியும் கிடையாது. பாவம், அது வேறென்ன செய்யும்? மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை. மானேஜருக்கே பழகியவர், இதற்குப் பழகினார்.

மனைவி வந்து இறங்கி ரூமுக்கு ஏறியதும், "இருபத்திமூணு படி, கைப்பிடி இல்ல" என்றாள். ரூமைச் சுற்றிப் பார்த்து, "ஜன்னல் ஒண்ணு, தட்டு ரெண்டு. பரவால்ல, எண்ணறதுக்குச் சிரமமில்ல" என்று சிரித்தாள். சிரித்தது நல்ல சகுனம். நாளை காலை மட்டும் தாண்டிவிட்டால் போதும்.

அதற்குத்தான் தலையெண்ணி அந்தக் காரியத்தைச் செய்தார். ஆயுசு முழுக்க யாரை விரட்டி விரட்டிப் பிடித்தாரோ அவர்களுடைய வித்தை. விடிந்ததும் தன்னுடைய சாம்பல் கோட்டை எடுத்துப் போய்ப் பன்னிரண்டாவது ஆணியில் மாட்டினார். ஆணியில் கோட்டு பன்னிரண்டு, தலை பன்னிரண்டு. யார் வந்து எண்ணினாலும் சரியாக இருக்கும்.

மூடுபனி இறங்கியிருந்தது. டிரில் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் ஆணிகளைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு. சுத்தமா நடத்துறீங்க."

"பின்ன?"

"நானும் ஒரு முழுக்குப் போடட்டுமா?"

"குளிருமே..."

"ஒரு வருஷமா 'போதும் போதும்'னு போன்ல பாடினீங்களே, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு நான் பாக்க வேணாமா?"

சொல்லிக்கொண்டே அரக்குக் கலர் கோட்டைக் கழற்றிப் பதிமூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று படிகளை எண்ணும் குரல் பனிக்குள் போனது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பதிமூன்று தலை. தலையெண்ணிக்கு அவளுடையது எது என்று தெரியவில்லை. பனியில் நனைந்த தலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான்.

பதினொரு மணிக்கு மணி அடித்தார். பல் டாக்டரம்மா ஏறினார். ரொட்டிக்கடைக்காரர் ஏறினார். ஒவ்வொருவராகப் பதினொரு பேரும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியாக அவர் மனைவி ஏறி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் பார்த்தறியாத நிம்மதி.

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். "இங்கேயே இருந்துடலாம்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஒரு வருஷம் காத்திருந்தார்! தலையெண்ணிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், அவள் போட்டிருப்பது தன்னுடைய சாம்பல் கோட்டு என்று தெரிந்தது.

பதிமூன்றாவது ஆணியில் அரக்குக் கோட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் கோட்டு அங்கே இருக்கு" என்றார்.

"இது எனக்காக மாட்டினதுதானே?" என்றாள் அவள். குரல் அதேதான்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. மணி அடித்த பிறகு யாரும் இருக்காத தண்ணீரில், சுவரோரம் கட்டிய பிடிகயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு தலை. முகம் இந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, ஒரு சீரான தாளத்தில். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எண்ணுவதுபோல.

இன்னொரு தடவை மணி அடித்தார். அந்தத் தலை வரவில்லை. மூன்றாவது தடவையும் அடித்தார். பக்கத்தில் நின்றவள் பொறுமையாக, "வீட்டுக்குப் போலாமாங்க, பசிக்குது" என்றாள். அவ்வளவு இதமாக அவள் அவரை எதற்கும் கூப்பிட்டதில்லை.

ஆணி காலியானால்தான் பூட்டலாம். தலையெண்ணி ரொம்ப நேரம் சாவியோடு நின்றார். அப்புறம் அரக்குக் கோட்டைத் தன் கையாலேயே எடுத்து மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். ஆணி காலி. பூட்டினார்.

இருபத்திமூன்று படியை அவள் பேசிக்கொண்டே ஏறினாள். ஒன்றைக்கூட எண்ணவில்லை.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் தம்பதியைப் பார்த்துவிட்டு வந்து, "வாழ்ந்தா அப்படி வாழணும்" என்கிறார்கள். உண்மைதான். சண்டை கிடையாது, குத்திக்காட்டல் கிடையாது. ஜன்னலோரம் இரண்டு தட்டு, எதிரே கடல். அவர் நன்றாகத்தான் தூங்குகிறார்.

தினமும் விடிந்ததும் மட்டும், அவள் எழுவதற்கு முன்பே, அரக்குக் கோட்டை எடுத்துப் போய்ப் பதிமூன்றாவது ஆணியில் மாட்டி வைக்கிறார். பதினொரு மணிக்கு மணியை மூன்று தடவை அடிக்கிறார். கொஞ்ச நேரம் படியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு கோட்டை எடுத்து மடித்துக்கொண்டு, பசிக்கிறது என்று காத்திருப்பவளிடம் போகிறார்.